நிபந்தனை தவறான வழியில் திரும்பும்போது: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் முறை

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில், மாலை நேரங்களில் பாலிடெக்னிக் மற்றும் கல்லூரி மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்து வருகிறேன். அவர்கள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டி, 'எல்லாம் சரியாத்தான் சார் எழுதியிருக்கேன், ஆனா தப்பா வருது' என்று சொல்லும்போது, பெரும்பாலும் விரல் நிற்பது நிபந்தனையைச் சோதிக்கும் ஏதோ ஒரு இஃப் வரியின் மேல்தான். இந்த வகைப் பிழையில் திரையில் சிவப்பு எழுத்து எதுவும் வராது. நிரல் தடையின்றி ஓடி முடிந்து, தவறான விடையை நல்ல விடையைப் போலவே அச்சிட்டுவிடும். பிழைச் செய்தியே இல்லாததால் அதை நகலெடுத்துத் தேடவும் வழியில்லை. கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்துதான் பின்னோக்கி நடக்க வேண்டும்.

இத்தகைய பிழைகளுக்கு மூலகாரணமாக நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றே ஒன்று. நாம் நிபந்தனையை மனத்தில் தமிழில் சொல்லிக்கொள்கிறோம். பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் அப்படியே கணினிக்கு எழுதிவிடுகிறோம். தமிழில் 'உம்' என்னும் இடைச்சொல்லும், 'வரை', 'மேல்', 'முதல்' போன்ற சொற்களும் கேட்பவரின் அறிவை நம்பிப் பேசப்படுகின்றன. கணினி அந்த நம்பிக்கைக்கு உரியதன்று. எனவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு அறிகுறிக்கும், தமிழ் வாக்கியம் எந்த இடத்தில் நிரலிலிருந்து பிரிகிறது என்பதைக் காட்ட முயன்றிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பைத்தான் மொழியில் உள்ளன. தேவையான இடங்களில் சி மொழியும் வரும். இஃப், எலிஃப், எல்ஸ், அண்ட், ஆர், நாட், இன் ஆகிய விசைச்சொற்களை இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன்; கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். மாறிகளின் பெயர்களை மட்டும் பைத்தான் 3இல் நீங்கள் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

எந்த அறிகுறிக்கும் முதலில் செய்ய வேண்டியது

நிபந்தனையை மாற்றாதீர்கள். அதற்கு நேர் மேலே ஒரு பிரிண்ட் வரியைச் சேர்த்து, நிபந்தனையில் வரும் ஒவ்வொரு மாறியின் மதிப்பையும் அச்சிட்டுப் பாருங்கள். வெறுமனே அச்சிடாமல் பிரிண்ட்(ரெப்ர்(ஊர்)) என்று (ரெப்ர் என்பது repr) அச்சிட்டால் மதிப்பு ஒரு சரமா (எழுத்துகளின் தொடரா), எண்ணா என்பதும், அதன் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியும் தெரிந்துவிடும். 18 என்று வந்தால் அது எண். '18' என்று மேற்கோள் குறியோடு வந்தால் அது சரம். அடுத்த வரியில் முழு நிபந்தனையையுமே பிரிண்ட் கூற்றுக்குள் வைத்தால், அது உண்மையா பொய்யா என்பதும் நேரடியாகத் திரையில் வரும். இதைச் செய்யாமல் அண்ட் என்பதை ஆர் என்றும், > என்பதை < என்றும் மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள், சில நேரம் தற்செயலாகச் சரியான விடையைப் பெற்றுவிடுகிறார்கள். அந்தப் பிழை அடுத்த மாதம் வேறு உருவில் திரும்பி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: எதைக் கொடுத்தாலும் இஃப் பகுதியே ஓடுகிறது

சி மொழியில் எழுதுகிறீர்கள் என்றால், முதலில் சமக்குறிகளை எண்ணுங்கள். இஃப் (நிலை = 1) என்பது நிலை என்னும் மாறி ஒன்றுக்குச் சமமா என்று கேட்பதில்லை; அது அந்த மாறியில் ஒன்றை வைத்துவிட்டு, வைத்த மதிப்பையே நிபந்தனையாக எடுத்துக்கொள்கிறது. பூச்சியம் அல்லாத எதுவும் உண்மை என்பதால் வாசல் எப்போதும் திறந்தே இருக்கும். இதில் இன்னொரு கேடும் உண்டு: மாறியின் பழைய மதிப்பு அழிந்துவிடுவதால், கீழே இருக்கும் வேறு வரிகளும் குழம்பும்; நீங்கள் பிழையை அங்கே தேடிக்கொண்டிருப்பீர்கள். பைத்தானில் இதே வரி இலக்கணப் பிழையாக நின்றுவிடும், ஜாவாஸ்கிரிப்ட் நிறுத்தாது.

இந்த ஒற்றைக் குறியின் வலிமைக்கு 2003ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த ஒரு நிகழ்வை வகுப்பில் எப்போதும் சொல்வேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவகத்தின் மூல நிரலுக்கு இருந்த ஒரு பிரதியில், யாரோ இரண்டு வரிகளைத் திருட்டுத்தனமாகச் செருகினார்கள். பயனர் எண் பூச்சியமா என்று சோதிப்பதைப் போலத் தோன்றிய அந்த வரியில், இரட்டைச் சமக்குறிக்குப் பதிலாக ஒற்றைச் சமக்குறி இருந்தது. பூச்சியம் என்பது கணினியின் முழு அதிகாரம் பெற்ற பயனரின் எண். அந்த வரி ஓடியிருந்தால், அழைத்தவருக்கு அந்த அதிகாரம் கிடைத்திருக்கும். மூலப் பிரதியோடு ஒப்பிட்டபோது வேறுபாடு கண்ணில் பட்டதால் அது வெளியாகாமல் தடுக்கப்பட்டது.

பைத்தானில் இதே அறிகுறி வந்தால் காரணம் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

இஃப் ஊர் == 'ராயபுரம்' ஆர் 'காசிமேடு':

'ஊர் ராயபுரமாகவோ காசிமேடாகவோ இருந்தால்' என்பது நல்ல தமிழ். ஊர் என்னும் எழுவாய் ஒருமுறை வந்தால் போதும். இரண்டுக்கும் அதுவே பொருந்தும். கணினிக்கு அந்த எழுவாய் இரண்டாம் பாதியில் தொடர்வதில்லை. அது ஆர் என்பதற்கு இடப்புறத்தைத் தனியாகவும், வலப்புறத்தைத் தனியாகவும் பார்க்கிறது. வலப்புறத்தில் 'காசிமேடு' என்னும் சரம் மட்டுமே நிற்கிறது. வெறுமையல்லாத சரம் பைத்தானில் உண்மை. ஆக, பெரம்பூர் என்று கொடுத்தாலும் உள்ளே போகும். எழுவாயை இரண்டு பக்கமும் எழுதுங்கள். அல்லது இஃப் ஊர் இன் ('ராயபுரம்', 'காசிமேடு') என்று எழுதுங்கள். இரண்டாவது வடிவம் தமிழ் வாக்கியத்துக்கு நெருக்கமாக இருப்பதால் அதையே நான் பரிந்துரைக்கிறேன்.

இதற்கு ஒன்றுவிட்ட தம்பி போன்றது சி மொழியில் 18 <= வயது <= 60 என்று எழுதுவது. பைத்தானில் இது சரியாக வேலை செய்யும் என்பதால், அங்கிருந்து சி மொழிக்கு வருபவர்கள் தயக்கமின்றி எழுதிவிடுகிறார்கள். சி மொழி முதலில் 18 <= வயது என்பதைக் கணக்கிட்டு ஒன்று அல்லது பூச்சியம் என்னும் விடையைப் பெறுகிறது; பிறகு அந்த ஒன்றோ பூச்சியமோ அறுபதைவிடச் சிறியதா என்று பார்க்கிறது. அது எப்போதும் சிறியதுதான். மேலும், இஃப் வரியின் முடிவில் தவறுதலாக ஓர் அரைப்புள்ளி விழுந்திருந்தால், நிபந்தனை அந்த அரைப்புள்ளியோடு முடிந்துவிடும்; அடுத்து வரும் அடைப்புக்குறிப் பகுதி எந்த நிபந்தனையும் இல்லாமல் ஓடும்.

அறிகுறி: இஃப் பகுதி ஒருபோதும் ஓடுவதில்லை

இதற்குக் காரணங்கள் அதிகம். பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

'சனியும் ஞாயிறும் விடுமுறை' என்று சொல்கிறோம். மாணவர் அந்த 'உம்' என்பதை அண்ட் என்று எழுதிவிடுகிறார்: இஃப் கிழமை == 'சனி' அண்ட் கிழமை == 'ஞாயிறு'. ஒரே நாள் சனியாகவும் ஞாயிறாகவும் இருக்க முடியாது என்பதால், இந்த நிபந்தனை எந்த நாளிலும் உண்மையாகாது. நம் வாக்கியம் விடுமுறை நாட்களின் பட்டியலைச் சொல்கிறது. நிரலோ கையில் இருக்கும் ஒரு நாளைப் பற்றிக் கேட்கிறது. பட்டியலுக்கு 'உம்' பொருந்தும். ஒரு நாளைப் பற்றிய கேள்விக்கு ஆர்தான் பொருந்தும். வகுப்பில் இதைச் சொல்லும்போது, நிபந்தனையை எப்போதும் கேள்வியாக மாற்றி வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன்: 'இன்று சனியா, அல்லது ஞாயிறா?' கேள்வியாகச் சொன்னவுடன் 'உம்' தானாக மறைந்துவிடும்.

நேர வரம்பு நள்ளிரவைத் தாண்டும்போதும் இதே கதைதான். மணலிப் பக்கம் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் வேலை செய்பவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் மணி >= 22 அண்ட் மணி < 6 என்று எழுதினால், இருபத்திரண்டுக்குக் குறையாமலும் ஆறுக்குக் கீழாகவும் இருக்கும் ஓர் எண்ணைத் தேடுகிறோம்; அப்படி ஓர் எண் இல்லை. மணி 24 மணி நேரக் கணக்கில் பூச்சியத்துக்குத் திரும்புவதால், இங்கே ஆர் என்றே எழுத வேண்டும். பகல் ஷிப்டுக்கு அண்ட், இரவு ஷிப்டுக்கு ஆர்.

மதிப்பு எண்ணுக்குப் பதில் சரமாக வந்திருக்கலாம். பைத்தான் 3இல் இன்புட் எப்போதும் சரத்தையே தரும். பயனர் 1 என்று தட்டினாலும் உங்களுக்குக் கிடைப்பது '1'. இஃப் தேர்வு == 1 என்பது அப்போது அமைதியாகப் பொய்யாகிவிடும். இதையே >= என்று எழுதியிருந்தால் சரத்தையும் எண்ணையும் ஒப்பிட முடியாது என்று பைத்தான் நிறுத்திச் சொல்லியிருக்கும்; சமக்குறி மட்டும் எதுவும் சொல்லாது. இன்ட்(இன்புட்()) என்று உள்ளே வரும்போதே எண்ணாக மாற்றிவிடுவது நல்ல பழக்கம். இரண்டு பக்கமும் சரமாக இருந்தால் தொல்லை வேறு விதம்: '10' < '9' என்பது உண்மையாகிவிடும், ஏனெனில் சரங்கள் அகராதி வரிசையில் எழுத்தெழுத்தாக ஒப்பிடப்படுகின்றன.

தமிழ்ச் சரங்களில் வரும் ஒரு காரணம் இருக்கிறது. தமிழில் தரவு வைத்திருக்கும் எவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு மாணவர் பகுதிவாரியாகப் பெயர்களைப் பிரிக்கும் நிரல் எழுதியிருந்தார். ராயபுரம், வியாசர்பாடி, எண்ணூர் எல்லாம் சரியாகப் பிரிந்தன. கொருக்குப்பேட்டை மட்டும் சில வரிகளில் பொருந்தியது, சில வரிகளில் பொருந்தவில்லை. ரெப்ர் போட்டும் பார்த்தோம்; இடைவெளி இல்லை, எழுத்துப் பிழை இல்லை, இரண்டும் திரையில் ஒரே மாதிரி இருந்தன. பிறகு லென் கொண்டு நீளத்தை அளந்தோம். ஒன்றுக்கு 16 என்றும் மற்றொன்றுக்கு 17 என்றும் வந்தது.

காரணம் முதல் எழுத்தில் இருந்தது. எழுத்துகளுக்கு எண் குறியீடு தரும் யூனிகோடு முறையில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; எகரத்துக்குரிய கொம்பையும் ஆகாரத்துக்குரிய காலையும் இரண்டு தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்தும் எழுதலாம். எந்த மென்பொருளில் தட்டச்சு செய்தோம், எந்தப் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றினோம் என்பதைப் பொறுத்து, 'கொ' என்பது இரண்டு குறியீடுகளாகவோ மூன்று குறியீடுகளாகவோ கோப்பில் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று; == குறிக்கு இரண்டும் வேறு. ஓகாரமும் ஔகாரமும் இப்படியே. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி (NFC) என்னும் ஒரே சீரான குறியீட்டு வடிவுக்குச் சீராக்குவதே தீர்வு; பைத்தானில் யூனிகோடுடேட்டா (unicodedata) என்னும் தொகுப்பில் உள்ள நார்மலைஸ் (normalize) செயற்கூறு இதைச் செய்யும். தமிழில் வைக்கும் மாறிப் பெயர்களைப் பைத்தான் தானாகவே சீராக்கிக்கொள்கிறது. ஆனால் சரங்களைத் தொடுவதில்லை. ஆகவே, 'பெயரில் வராத தொல்லை மதிப்பில் எப்படி வரும்' என்று வியக்க வேண்டாம்.

சீராக்கினாலும் தீராத ஒன்று உண்டு. ஔகாரக் குறியின் வலப்பாதிக்குப் பதிலாக 'ள' என்னும் எழுத்தையே தட்டியிருந்தால், அது வேறு எழுத்து. என்எஃப்சி அதைத் திருத்தாது. 'ராயபுரம்', 'இராயபுரம்' என்னும் இரண்டு எழுத்து வழக்குகளும் அப்படியே. இவற்றுக்கு மாற்றுப் பட்டியல் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். கோப்பிலிருந்து படித்த வரியாக இருந்தால் கடைசியில் வரி முடிவுக் குறி ஒட்டியிருக்கும். அதற்கு ஸ்ட்ரிப் போதும்.

அறிகுறி: முதலில் எப்போதும் பொய், அண்ட் என்பதை ஆர் ஆக்கியதும் எப்போதும் உண்மை

இது தேதி வரம்பின் அடையாளம். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவி, விசைப்படகில் வேலை செய்யும் தன் தந்தைக்காக ஒரு சிறு நிரல் எழுதிக்கொண்டு வந்தார். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாட்கள். தேதியைக் கொடுத்தால் 'தடை' என்றோ 'போகலாம்' என்றோ நிரல் சொல்ல வேண்டும். அவர் எழுதியிருந்தது இது:

இஃப் மாதம் >= 4 அண்ட் நாள் >= 15 அண்ட் மாதம் <= 6 அண்ட் நாள் <= 14:

'சார், எந்தத் தேதி போட்டாலும் போகலாம்னே வருது சார். அப்பா பார்த்துட்டுச் சிரிக்கிறாரு.'

'நாள்னு வர்ற பகுதியை மட்டும் தனியா படிச்சுக் காட்டும்மா.'

அவர் படித்தார்: நாள் பதினைந்தும் அதற்கு மேலும், நாள் பதினான்கும் அதற்குக் கீழும். படித்து முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. உடனே எல்லா அண்ட்களையும் ஆர் ஆக்கினார். இப்போது பொங்கல் நாளுக்கும் தடை என்று வந்தது. எந்த நாளாக இருந்தாலும் அது பதினைந்தோ அதற்கு மேலோ, பதினான்கோ அதற்குக் கீழோ இருந்தே தீரும் என்பதால், ஆர் போட்ட நிபந்தனை பொய்யாக வழியே இல்லை. ஒரே வாக்கியம் முதலில் முற்றாக மூடியிருந்தது. பிறகு முற்றாகத் திறந்துகொண்டது.

தவறு அண்ட், ஆர் ஆகியவற்றில் இல்லை. தேதி என்பது மாதமும் நாளும் சேர்ந்த ஒரே மதிப்பு. அதைப் பிரித்து இரண்டையும் தனித்தனியே எல்லைக்குள் அடைத்ததில்தான் தவறு. மே 20ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் நாள் என்னவாக இருந்தாலும் தடைதான். நாள் எண்ணைப் பார்க்க வேண்டிய தேவை ஏப்ரலிலும் ஜூனிலும் மட்டுமே இருக்கிறது. எனவே சரியான நீண்ட வடிவம் மூன்று பகுதிகள் கொண்டது: ஏப்ரல் ஆகி நாள் 15 அல்லது மேல், அல்லது மே, அல்லது ஜூன் ஆகி நாள் 14 அல்லது கீழ். இதைவிடச் சுருக்கமான வழி, தேதி = மாதம் * 100 + நாள் என்று இரண்டையும் ஒரே எண்ணாக்கிவிடுவது. ஏப்ரல் 15 என்பது 415, ஜூன் 14 என்பது 614. பிறகு இஃப் 415 <= தேதி <= 614 என்று எழுதினால் போதும். பைத்தானின் தேதி வகையையே பயன்படுத்துவது இன்னும் முறையானது. ஆனால் முதன்முறை இந்தக் கணக்கைக் கையால் செய்து பார்ப்பவருக்குப் பிழையின் வேர் தெளிவாகத் தெரிகிறது. இந்த நிரலுக்கு இன்னும் ஒரு பிழை காத்திருந்தது. அதை இறுதியில் சொல்கிறேன்.

அறிகுறி: எல்லாம் சரி, ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் தவறு

எல்லையில் இருக்கும் எண் அது. பத்தாம் வகுப்பில் தேர்ச்சிக்கு 35 மதிப்பெண். மதிப்பெண் > 35 என்று எழுதினால், சரியாக 35 பெற்ற பிள்ளை தோற்றுவிடும். 'வரை' என்றால் அந்த எண்ணும் சேரும்: '100 யூனிட் வரை' என்பது <= 100. '18 வயது நிரம்பியவர்' என்பது >= 18. 'மேல்' என்னும் சொல்தான் ஏமாற்றக்கூடியது. '60 வயதுக்கு மேல்' என்று ஒருவர் சொன்னால், அறுபது சேருமா சேராதா என்பதை அவரிடமே கேட்டுவிடுங்கள். ஊகித்து எழுதாதீர்கள்.

இந்த ஓர் எண் ஒரு கருவியையே முடக்கியிருக்கிறது. 2008 டிசம்பர் 31 அன்று, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஜூன் (Zune) என்னும் பாட்டுக் கேட்கும் கருவியின் 30 ஜிபி வகை உலகெங்கும் உறைந்து நின்றது. நாட்களின் எண்ணிக்கையிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கும் சுழற்சி, நாட்கள் 365ஐவிட அதிகமாக இருக்கும்வரை ஓடும். நெட்டாண்டாக இருந்தால், நாட்கள் 366ஐவிட அதிகமாக இருக்கும்போது மட்டும் 366ஐக் கழிக்கும். 2008 நெட்டாண்டு, அதன் கடைசி நாள் 366ஆவது நாள். 366 என்பது 365ஐவிட அதிகம், ஆனால் 366ஐவிட அதிகம் அன்று. ஆகவே எதுவும் கழியாமல் சுழற்சி முடிவின்றிச் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுநாள் பிறந்த பிறகுதான் கருவிகள் மீண்டன. எல்லைக்கு ஒன்று கீழே, எல்லை, எல்லைக்கு ஒன்று மேலே ஆகிய மூன்று எண்களைக் கொடுத்துச் சோதிக்காமல் எந்த நிபந்தனையையும் முடிந்துவிட்டதாகக் கருதாதீர்கள்.

அறிகுறி: பல கிளைகளில் தவறான கிளை ஓடுகிறது, அல்லது இரண்டு கிளைகள் ஓடுகின்றன

இரண்டு விடைகள் அச்சானால், எலிஃப் இருக்க வேண்டிய இடத்தில் மீண்டும் இஃப் எழுதியிருக்கிறீர்கள். எலிஃப் தொடரில், பொருந்தும் முதல் கிளையோடு தேடல் முடிந்துவிடும். தனித்தனி இஃப்கள் ஒவ்வொன்றும் தனியே கேட்கும்.

தவறான ஒரே கிளை ஓடினால் வரிசையைப் பாருங்கள். மின்கட்டணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. அதற்கு மேல் படிப்படியாகக் கட்டணம் ஏறும். முதல் கிளையில் யூனிட் > 100 என்றும் அடுத்ததில் யூனிட் > 200 என்றும் அதற்கடுத்து யூனிட் > 500 என்றும் எழுதினால், 650 யூனிட் ஓட்டியவரும் முதல் கிளையிலேயே பிடிபட்டுவிடுவார். மற்ற கிளைகள் இருந்தும் பயனில்லை. > கொண்டு எழுதினால் பெரிய எண்ணிலிருந்து இறங்குங்கள்; <= கொண்டு எழுதினால் சிறிய எண்ணிலிருந்து ஏறுங்கள்.

எக்செல் தாளில் இஃப் சூத்திரம் எழுதுபவர்களுக்கும் இதே விதிதான். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் இருப்புக் கணக்கை எக்செலில் வைத்திருப்பவர்களுக்கு மேலும் ஒரு குறிப்பு: வெற்றுக் கட்டத்தைப் பூச்சியத்தோடு ஒப்பிட்டால் எக்செல் சமம் என்றே சொல்லும். இன்னும் எண்ணிப் பார்க்காத சரக்கும் தீர்ந்துபோன சரக்கும் ஒன்றாகிவிடாமல் இருக்க, இஸ்பிளாங்க் கொண்டு முதலில் வெறுமையைச் சோதியுங்கள்.

அறிகுறி: 'இல்லை' சேர்த்தவுடன் விடை கெட்டுவிடுகிறது

மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மகளிருக்கு 2021 மே மாதம் முதல் கட்டணமில்லாப் பயணம் உண்டு. திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இச்சலுகை இருந்தாலும், பயிற்சியை எளிதாக்க மகளிரை மட்டும் எடுத்துக்கொள்வோம். இலவசம் என்பதற்கு மகளிர் அண்ட் சாதாரணப்பேருந்து என்று எல்லோரும் சரியாக எழுதிவிடுகிறார்கள். சீட்டு எடுக்க வேண்டியவர் யார் என்று கேட்டால், பாதிப்பேர் நாட் மகளிர் அண்ட் நாட் சாதாரணப்பேருந்து என்று எழுதுகிறார்கள். இதன்படி டீலக்ஸ் பேருந்தில் ஏறிய பெண்ணும், சாதாரணப் பேருந்தில் ஏறிய ஆணும் சீட்டு எடுக்க வேண்டியதில்லை. நடத்துநர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இரண்டும் இருந்தால்தான் இலவசம் என்றால், இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கட்டணம். எனவே சரியானது நாட் மகளிர் ஆர் நாட் சாதாரணப்பேருந்து. மறுப்பு உள்ளே நுழையும்போது அண்ட் ஆர் ஆகும், ஆர் அண்ட் ஆகும். இந்த விதிக்குப் பெயர் தந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806ஆம் ஆண்டு மதுரையில் பிறந்தவர் என்பதை மாணவர்களிடம் சொல்லும்போது எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. ஐயம் வந்தால் மறுப்பை உள்ளே கொண்டு போகாமல், நாட் (மகளிர் அண்ட் சாதாரணப்பேருந்து) என்று அடைப்புக்குறிக்கு வெளியிலேயே வைத்துவிடுங்கள். படிப்பவருக்கும் அதுவே எளிது.

அறிகுறி: நிபந்தனை சரி, ஆனால் அடுத்த வரி நிபந்தனைக்குக் கட்டுப்படவில்லை

சி, ஜாவா போன்ற மொழிகளில் நெளிவு அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால், இஃப் அடுத்த ஒரே ஒரு கூற்றை மட்டுமே ஆளும். இரண்டாவது வரியை எவ்வளவு அழகாக உள்தள்ளி எழுதினாலும் அது வெளியேதான் இருக்கிறது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 7.0.6 மூலம் திருத்திய பாதுகாப்புக் குறை இப்படிப்பட்டது: 'கோட்டு ஃபெயில்' (goto fail, தோல்விப் பகுதிக்குத் தாவு) என்னும் வரி தவறுதலாக இரண்டு முறை வந்திருந்தது, முதல் வரி இஃப் கூற்றுக்குக் கட்டுப்பட்டது, இரண்டாவது வரி எப்போதும் ஓடியது. அதனால் பாதுகாப்பான இணைப்பின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் படியே தாண்டப்பட்டது. ஒரே வரியாக இருந்தாலும் அடைப்புக்குறி போடுங்கள். அடைப்புக்குறி இல்லாத எல்ஸ், உள்தள்ளல் எப்படி இருந்தாலும், தனக்கு மிக அருகில் மேலே இருக்கும் இஃப் உடன்தான் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். பைத்தானில் உள்தள்ளலே அடைப்பு என்பதால் வரியை ஒரு படி நகர்த்தினாலே பொருள் மாறிவிடும்.

இரண்டு சிறிய அறிகுறிகள்

நிபந்தனை வரியிலேயே நிரல் முறிந்து நின்றால், சோதனையின் வரிசையை மாற்றுங்கள். மொத்தம் / எண்ணிக்கை > 50 அண்ட் எண்ணிக்கை != 0 என்பதில் வகுத்தல் முதலில் நடந்துவிடுகிறது. அண்ட் இடமிருந்து வலமாகப் பார்த்து, முதல் பாதி பொய் என்றால் அங்கேயே நின்றுவிடும். ஆகவே காவலை முன்னால் நிறுத்தி, வகுத்தலைப் பின்னால் வையுங்கள்.

பைசாக் கணக்கில் சமக்குறி பொருந்தாவிட்டால், 0.1 + 0.2 என்பதை அச்சிட்டுப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். பல பதின்மப் பின்னங்கள் இரும எண்களாகத் துல்லியமாக அமைவதில்லை. பணத்தை முழுவதும் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்வதே சிறந்தது.

அறிகுறி: புதிய நிபந்தனையைச் சேர்த்தவுடன் பழையது செயலிழக்கிறது

காசிமேட்டு மாணவியின் நிரலுக்குத் திரும்புகிறேன். தேதி சரியான பிறகு அவர் வீட்டில் காட்டியிருக்கிறார். தடை விசைப்படகுக்கும் இழுவைப்படகுக்கும்தான், நாட்டுப்படகுக்கு இல்லையே என்று தந்தை சொல்லியிருக்கிறார். மறுநாள் இப்படி எழுதிக்கொண்டு வந்தார்:

இஃப் படகு == 'விசைப்படகு' ஆர் படகு == 'இழுவைப்படகு' அண்ட் 415 <= தேதி <= 614:

நாட்டுப்படகுக்கு விடை சரியாக வந்தது. இழுவைப்படகுக்கும் சரி. விசைப்படகுக்கு மட்டும் ஆண்டு முழுவதும் தடை. பெருக்கல் கூட்டலுக்கு முந்துவதைப் போல, அண்ட் ஆர் என்பதற்கு முந்துகிறது. எனவே தேதி இழுவைப்படகோடு மட்டும் ஒட்டிக்கொண்டது. விசைப்படகு என்றாலே, தேதியைப் பார்க்காமல் நிபந்தனை உண்மையாகிவிட்டது. இரண்டு படகு வகைகளையும் ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்ததும் சரியானது. அண்டும் ஆரும் ஒரே வரியில் வந்தால், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடைப்புக்குறி போடும்படி அன்று முதல் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு சோதிக்க வேண்டியவற்றைக் கரும்பலகையில் எழுதினோம். விசைப்படகுக்கு ஏப்ரல் 14, ஏப்ரல் 15, மே 3, மே 20, ஜூன் 14, ஜூன் 15, பொங்கல் நாள். அதே ஏழு தேதிகள் இழுவைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும். மொத்தம் இருபத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய விடையை நிரலை ஓட்டும் முன்பே அவர் தாளில் எழுதினார். பிறகு ஒவ்வொன்றாக ஓட்டி, ஒத்துப்போனதற்கு நேராகக் கோடிட்டுக்கொண்டே வந்தார். இருபத்தொரு கோடுகளும் விழுந்த பிறகுதான் நிரலைத் தந்தையின் கைப்பேசியில் ஏற்றினார்.